எட்டுச் சுற்று

பொம்மை வீரர்களை மேசையில் நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுக்கு மிஷன், அதாவது எதைச் செய்தால் வெற்றி என்ற விதி, எழுதுவது என் பிழைப்பு. ரெண்டு பக்கமும் ஜெயிக்க வழி இருக்கணும், இல்லாவிட்டால் எவன் ஆடுவான்? பாலத்தை எட்டுச் சுற்று காத்தால் வெற்றி என்று எழுதினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி என் மனைவி காத்துப் பார்த்தாள், தோற்றாள். ஆறாகக் குறைத்தேன். அப்போதும் தோற்றாள்.

"சரி, ஒருத்தன் தப்பிச்சாலே வெற்றி" என்றேன் எரிச்சலோடு.

அவள் பகடையைக் கீழே வைத்தாள்.

"டாக்டரும் இப்படித்தாங்க. முதல்ல குணமாகணும்னார். அப்புறம் நடந்தாப் போதும்னார். இன்னைக்கு வலி இல்லாம இருந்தாப் போதுங்கறார்."

எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எட்டு என்று எழுதினேன்.

அவள் மறுபடி பகடையை உருட்டினாள். மூன்றாவது சுற்றிலேயே பாலம் அவள் கையை விட்டுப் போய்விட்டது.