தாளிக்காத சந்தகை

கிருத்திகாவுக்குப் பெரிய ஆசைகள் ஒன்றும் இல்லை. ராத்திரி அவள் சமைப்பதை வீட்டில் இருக்கிற நான்கு பேரும் சாப்பிட வேண்டும், அதற்குப் பிறகு அடுப்பில் இன்னொரு பாத்திரம் ஏறக் கூடாது. இவ்வளவுதான் அவள் கேட்டது. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அது ஒரு நாள்கூட நடக்கவில்லை.

எலப்புள்ளிக்குக் கிழக்கே தென்னந்தோப்புக்கு நடுவில் இருந்தது வீடு. அங்கே ஏற்பாடு தெளிவானது. காலைச் சமையல் மாமியார் பழனாத்தாளுடையது, ராத்திரிச் சமையல் கிருத்திகாவுடையது. கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனி சோதனைக்கூடத்தில் நாளெல்லாம் நின்றுவிட்டு, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து இறங்குகிறவள், கைகால் கழுவின ஈரம் காய்வதற்குள் அடுப்படிக்குள் நுழைய வேண்டும். அதில்கூட அவளுக்கு வருத்தமில்லை. சமைக்கப் பிடிக்கும். கல்யாணத்துக்கு முன்னால் கோயமுத்தூரில் விடுதியில் தங்கி வேலை பார்த்தபோது, அறையில் கூட இருந்த மணிப்பூர்ப் பெண் ஒற்றைக் கரண்ட் அடுப்பில் சூப்பும் நூடுல்ஸும் செய்து போட்டு அவளைக் கெடுத்து வைத்திருந்தாள். அப்புறம் வீடியோ பார்த்துப் பார்த்துத் தாய்லாந்து, வியட்நாம், கொரியா என்று கிருத்திகாவின் கை நீண்டுகொண்டே போனது.

ஆனால் எலப்புள்ளிக் கடையில் போய்த் தாய்லாந்துச் சாமான் கேட்டால் சிரிப்பார்கள். இருப்பதை வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும். எலுமிச்சம்புல் இல்லை என்றால் கிணற்றடியில் நிற்கிற நாரத்தை இலை. அந்த நாட்டு மிளகாய் இல்லை என்றால் காந்தாரி. தேங்காய்ப்பாலுக்குப் பஞ்சமே கிடையாது. அதோடு காலையில் மிஞ்சின சோறு, வாடத் தொடங்கின முட்டைக்கோஸ், ஒரு பாட்டில் சோயா சாஸ். இவற்றை வைத்துக்கொண்டு அவள் அரைமணி நேரத்தில் இறக்கி வைப்பதை, வேறு வீடாக இருந்தால் தட்டை வழித்துத் தின்றிருப்பார்கள்.

இந்த வீட்டில் நடப்பது வேறு. மாமனார் அர்த்தநாரி நல்ல மனுஷர், எதையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். நூடுல்ஸின் தலையில் ஒரு கரண்டித் தயிரை ஊற்றிப் பிசைந்து, நார்த்தங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுவார். அதைப் பார்க்கப் பார்க்கக் கிருத்திகாவுக்கு வயிறு எரியும். அவள் புருஷன் பிரதீப், கோவிந்தாபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்குத் தேங்காய் லோடு அனுப்பிவிட்டு வருகிறவன், பசியில் முழுசாகத் தின்பான். நன்றாயிருக்கிறது என்று அறைக்குள் போன பிறகு அவள் காதில் மட்டும் சொல்வான். அம்மா முன்னால் அவன் வாய்க்குப் பூட்டு. பழனாத்தாள் தட்டை எட்டிப் பார்ப்பாள், இன்றைக்குப் பசியே இல்லை என்பாள். கொஞ்ச நேரத்தில் அடுப்பில் ஒரு சின்னக் குண்டா ஏறும், ரசம் கொதிக்கும். வாசம் வந்ததும் அர்த்தநாரியின் தட்டு நீளும், பிறகு பிரதீப்பின் தட்டும் நீளும்.

அந்தக் குண்டாவைக் கிருத்திகா மனசார வெறுத்தாள். மறுநாள் அது ஊருக்குள் கதையாகப் போவதை அதைவிட வெறுத்தாள். பால் சொசைட்டியிலும் கல்யாண வீட்டிலும் பழனாத்தாள் மருமகளின் சமையலைப் பற்றிச் சிரித்துச் சிரித்துச் சொல்வாள். கோபமாகத் திட்டினால்கூடத் தேவலாம். தட்டில் புழு மாதிரி நெளிகிறது, குடிக்கிற சாற்றில் தழை மிதக்கிறது என்று அவள் சொல்ல, கேட்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். எதிர்வீட்டு சித்ரா ஒரு நாள் பஸ் நிற்கிற இடத்தில் வைத்தே, இன்றைக்கு எந்த நாட்டுச் சாப்பாடு என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருத்தியும் சேர்ந்து சிரித்தாள்.

இப்படி இருக்கையில் ஊர்த் திருவிழாவான மாரியம்மன் நோம்பி வந்தது. கோயில் திருப்பணி இழுத்துக்கொண்டே போனதால், கிருத்திகா மருமகளாக வந்த பிறகு ஊரில் நோம்பி சாட்டுவது இதுதான் முதல் தடவை. கோயிலில் பூச்சாட்டி நோம்பியைத் தொடங்கினால், கடைசி நாள் பொங்கல் வைக்கிற வரைக்கும் கவிச்சி கூடாது என்று பிரதீப் சொல்லியிருந்தான். அவள் முட்டைகூட வாங்கவில்லை. பூச்சாட்டுக்கு மறுநாள் சாயங்காலம், சுத்த சைவமாகப் பூண்டு நூடுல்ஸ் செய்யலாம் என்று, இரும்பு வாணலியில் எண்ணெயைப் புகைய விட்டு, நசுக்கின பூண்டையும் கிள்ளின வரமிளகாயையும் அள்ளிப் போட்டாள்.

நெடி ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போனது. வெளியே யாரோ இருமினார்கள். உடனே சித்ராவின் குரல் கேட்டது, யார் வீட்டில் தாளிக்கிறார்கள் என்று. தோப்பிலிருந்து ஓட்டமாக வந்த பழனாத்தாள், ஒரு செம்புத் தண்ணீரை அப்படியே வாணலியில் கொட்டினாள். அடுப்பும் அணைந்தது, கிருத்திகாவின் முகமும் அணைந்தது.

விஷயம் இதுதான். அந்த ஊரில் பூச்சாட்டினால் கவிச்சி மட்டுமல்ல, தாளிப்பும் ஆகாது. அம்மன் ஊருக்குள் இறங்கியிருக்கிறாள், காய்ந்த எண்ணெயின் நெடி அவளுக்குப் பொறுக்காது. அம்மை போட்ட வீட்டில் தாளிக்காமல் இருப்பது போல, அந்த நாட்களில் ஊர் முழுக்க யாரும் தாளிப்பதில்லை. அங்கே கைப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி இது. பொள்ளாச்சி டவுனில் மாடிவீட்டில் வளர்ந்த கிருத்திகாவுக்கு மட்டும் தெரியாது. அவளுக்குத் தெரியும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள், அதனால் யாரும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிரதீப்பைக் கேட்டதற்கு, இதெல்லாமா சொல்ல வேண்டும் என்றான். அந்த வாணலியாலேயே அவன் மண்டையில் ஒன்று போடலாமா என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது.

பழனாத்தாள் கோயிலுக்குப் போய் மஞ்சள் தண்ணீர் வாங்கி வந்து வீட்டைச் சுற்றித் தெளித்தாள். நோம்பி முடிகிற வரைக்கும் அடுப்புப் பக்கமே வர வேண்டாம் என்று மருமகளிடம் சொல்லிவிட்டாள். அன்றைக்கு எல்லாருக்கும் உப்புப் போட்ட கஞ்சி. பொழுது விடிவதற்குள் ஊருக்கே தெரிந்துபோனது. பஸ்ஸில் யாரும் அவளைக் கேலி செய்யவில்லை, ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அது கேலியைவிட மோசமாக இருந்தது. மூன்று வருஷமாக எல்லாரும் தின்ன வேண்டும் என்று சமைத்ததற்கு, கடைசியில் சாமி குத்தம் செய்தவள் என்ற பேர்தான் மிச்சம் என்று நினைத்தபோது, சோதனைக்கூடத்தின் கழிப்பறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் வீடு திரும்பியபோது பழனாத்தாள் இல்லை. கோயிலில் நோம்பிக்கு நட்ட கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போனவள், கும்மியடியில் நின்றுவிட்டாள் போல. அர்த்தநாரி அடுப்படியை ரெண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிரதீப் பசிக்கிறது என்று வாய்விட்டே சொன்னான். மேடைமேல் காலையில் பழனாத்தாள் பிழிந்த சந்தகை மூடிக் கிடந்தது. அவித்த மாவைச் சுடச்சுட அச்சில் பிழிந்து எடுத்த வெள்ளை நூல் நூலான சந்தகை. எப்போதும் கடுகும் எலுமிச்சையும் சேர்த்துத் தாளித்தால் போட்டி போட்டுத் தின்பார்கள். தாளிக்காமல் தேங்காயும் சர்க்கரையும் தூவி வைத்ததைக் காலையில் பேருக்கு ரெண்டு வாய் தின்றுவிட்டு எழுந்துவிட்டார்கள். தூவாமல் மிச்சமிருந்தது பாதிக்கு மேல்.

கிருத்திகா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்புப் பக்கம் வராதே என்றுதானே சொன்னார்கள், சமைக்காதே என்று சொல்லவில்லையே என்று தோன்றியது. கோபத்தோடுதான் ஆரம்பித்தாள். நோம்பிக் கடையில் வாங்கின வறுத்த கடலைக்காயை உரித்து அம்மியில் பரபரவென்று நுணுக்கினாள். புளியைக் கெட்டியாகக் கரைத்து வெல்லத்தைப் பொடித்துப் போட்டாள். பச்சை மிளகாயும் இஞ்சியும் தட்டிச் சேர்த்தாள். வெள்ளரிக்காய், மாங்காய், கேரட், கொத்தமல்லி, புதினா என்று கையில் அகப்பட்டதையெல்லாம் அரிந்தாள். காயவைத்தால்தானே எண்ணெய் குற்றம் என்று பச்சை நல்லெண்ணெயை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, எல்லாவற்றையும் சந்தகையில் போட்டுப் பிசிறினாள். வீடியோவில் வியட்நாம்காரர்கள் செய்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

அர்த்தநாரி ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய் வைத்தார். தயிர்க் கிண்ணம் பக்கத்திலேயே இருந்தும் அவர் கை அங்கே போகவில்லை. பிரதீப் பேசவே இல்லை, வாய் நிறைய இருந்தது. அந்தச் சமயத்தில்தான் பழனாத்தாள் வந்து நின்றாள்.

"தாளிச்சயா?" என்று கேட்டாள்.

"அடுப்பே பத்த வெக்கலைங்க அத்தை."

பழனாத்தாள் அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள், சில்லென்று இருந்தது. கும்மியடித்த பசி வேறு. நின்றவாக்கில் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு உட்கார்ந்தாள். முதல் தட்டு முடிந்ததும் ரெண்டாவது தட்டு வாங்கினாள். குண்டா அலமாரியிலேயே கிடந்தது. கிருத்திகா மாமியாரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளரிக்காயை இன்னும் சன்னமாக அரிந்திருக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள் பழனாத்தாள். கிருத்திகாவுக்கு அதுவே சொர்க்கமாக இருந்தது. பாத்திரம் விளக்கும்போது பாட்டுக்கூட வந்தது.

அந்தச் சந்தோஷம் நாத்தனார் கோமதி அம்மா வீட்டைப் பார்க்க வந்த அன்றோடு முடிந்தது. கொல்லங்கோட்டிலிருந்து வந்தவளுக்குப் பழனாத்தாளே கேட்டுச் செய்யச் சொன்ன அதே சந்தகைதான். கோமதி அசந்துபோய், இது என்ன புதுசாக இருக்கிறது என்று கேட்டாள். தண்ணீர்ச் சொம்போடு நின்ற கிருத்திகா வாயைத் திறப்பதற்குள் பழனாத்தாள் முந்திக்கொண்டாள். இது புதுசெல்லாம் இல்லை, தன் அம்மா நோம்பிக்கு நோம்பி செய்வாள், தாளிக்காத பண்டம், நம் வீட்டுப் பழைய பக்குவம் என்றாள். பொங்கலன்றைக்குச் சொந்தபந்தம் எல்லாருக்கும் இதைத்தான் போடப்போகிறேன், சொல்லியும் விட்டேன் என்றாள். பிரதீப் தட்டைப் பார்த்தான். அர்த்தநாரி விட்டத்தைப் பார்த்தார்.

கோமதியின் ஸ்கூட்டர் தோப்பைத் தாண்டுகிற வரைக்கும் கிருத்திகா பொறுத்திருந்தாள். பிறகு அடுப்படிக்குள் போய் மாமியாருக்கு நேராக நின்றாள். அதை யார் செய்தது என்று உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டாள். பிடிக்காதபோது ஊரெல்லாம் என் பேர், பிடித்த அன்றைக்கு மட்டும் உங்கள் அம்மா பேரா என்று கேட்டாள்.

பழனாத்தாள் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் வரவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசினாள்.

"மூணு வருசமா உன்ற சோத்த வாயில வெக்க முடியாதுன்னு ஊரெல்லாஞ் சொல்லி வெச்சிருக்கறேன். இப்ப நானே ரெண்டு தட்டுத் திங்கறேன்னு எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றது சாமி?"

கிருத்திகாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, ரெண்டையும் விழுங்கிக்கொண்டாள். இவ்வளவு நேர்மையாக ஒரு பதில் அந்த வீட்டில் யாரிடமிருந்தும் அவளுக்குக் கிடைத்ததில்லை. ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை.

"அப்ப பொங்கலுக்கு நான் செய்யலைங்க அத்தை. உங்கம்மா ஊட்டுப் பண்டந்தானுங்க. நீங்களே செஞ்சு போடுங்க."

எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம் என்று பழனாத்தாள் மனசுக்குள் எண்ணிப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. புளி எவ்வளவு கரைத்தாய் என்று மெல்லக் கேட்டுப் பார்த்தாள். கிருத்திகா பாத்திரம் விளக்கத் தொடங்கினாள். அந்த வெல்லம் எப்போது போட்டது என்றாள் மாமியார். கிருத்திகா விளக்கின சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். நான்கு பேர் சாப்பாடென்றால் எதையாவது செய்து சமாளித்துவிடலாம். ஊரே தட்டோடு வந்து உட்காரும்போது என்ன செய்வது?

கடைசியில் பழனாத்தாள் போனை எடுத்தாள். கோமதி வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டாள், வண்டியை ஓரம் கட்டித்தான் பேசியிருப்பாள்.

"கோமதி, அந்தச் சந்தகை எங்கம்மா செஞ்சதில்ல சாமி. கிருத்திகா செஞ்சது. ஆமா. நெம்ப நல்லாத்தான் இருக்குது, நாந்தான் சொல்லாம உட்டுட்டேன்."

போனை வைத்துவிட்டு, சொல்லியாகிவிட்டது, போதுமா என்பது போல மருமகளைப் பார்த்தாள். போதும் என்று சொல்லத்தான் கிருத்திகாவுக்கு வாய் வந்தது. அதற்குள் கழிப்பறைக்குள் நின்று அழுதது நினைவுக்கு வந்தது.

"போதாதுங்க அத்தை. கோமதி நங்கைகிட்ட மட்டுமா சொல்லிச் சிரிச்சீங்க?"

பழனாத்தாள் அவளை எரித்துவிடுவது போலப் பார்த்தாள். பிறகு விடுவிடுவென்று வாசலுக்குப் போய், எதிர்வீட்டைப் பார்த்து நின்று குரல் கொடுத்தாள்.

"சித்ரா, இங்க ஒரெட்டு வந்துட்டுப் போ. உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும்."