பூட்டனுக்கு இடம் விடாத கட்டம்

அன்று காலை முத்தலிப்பின் இரும்புக் கடையில் இருந்தவர்கள்: கடைக்காரர் முத்தலிப், கணினியில் பற்றுச்சீட்டு அடிக்கும் அபூதாஹிர், ஆணி வாங்க வந்த சித்தி பரீதா (சித்தி என்பது உறவல்ல, பெயர்), மூதூர் வயல்வீட்டுக்குச் சீமெந்து எடுக்கப் போன நான். என் தம்பி மகள் பூரணி லிங்கநகரில் வீட்டில் இருந்தாள். ஆனால் கடைக் கணினியில் ஓடிய புரோகிராம் அவள் எழுதியது. ஆகவே எங்கள் குடும்ப மானமும் அந்த மேசையில்தான் இருந்தது.

புரோகிராம் அடிக்கடி நின்றுவிடும். ஏனென்று அபூதாஹிரைக் கேட்டால், "சும்மாதான் இருந்த, நிண்டிட்டு" என்பான். அதனால் பூரணி அந்த வாரம் புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தாள். இனி நின்றால், கடைசியாக என்ன அடித்தார்கள், எந்த இடத்தில் இடறியது என்று புரோகிராமே தொலைபேசி வழியாக அவளுடைய கணினிக்கு அறிக்கை அனுப்பிவிடும்.

"ஐயா, இண்டைக்கும் நிண்டா நான் பழையபடி கையால எழுதப்போறன்," என்றார் முத்தலிப். "பிள்ளைட மனம் நோகக்கூடாதுதான். ஆனா யாவாரம் நடக்கணுமே."

"நிக்காது," என்றேன்.

இரண்டாயிரமாம் ஆண்டு, யுத்த காலம். மூதூருக்குச் சீமெந்து கொண்டுபோவதென்றால் அடையாள அட்டையில் உள்ள பெயர் அப்படியே சீட்டிலும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் இறங்குதுறையிலேயே படையினர் திருப்பிவிடுவார்கள். என் அட்டையில் பூட்டன், பாட்டன், தகப்பன், நான் என்று நால்வரும் இருக்கிறோம். நிமிர்ந்து நின்று சொன்னேன்: "ஆறுமுகத்தார் விஸ்வலிங்கம் வேலாயுதபிள்ளை சோமசேகரம்."

"பேரா இது, நிலாவெளிக் கரைவலைக் கயிறா?" என்றாள் சித்தி பரீதா.

அபூதாஹிர் அடித்து முடித்தான். புரோகிராம் நின்றது.

தொலைபேசி இணைப்பு கீச்சிட்டு அடங்கியது. முத்தலிப் பழைய சீட்டுப் புத்தகத்தை எடுத்து விரித்தார். உடனே தொலைபேசி மணி அடித்தது. எடுத்தேன். பூரணி.

"பெரியப்பா, முழுப்பேரையும் சொன்னனீங்களோ?"

"ஓம். வேற ஆற்ற பேரைச் சொல்லுறது?"

"அது பேர்க் கட்டத்துக்கை அடங்கேல்லை. முந்தியும் மூதூர்ச் சீமெந்துக்குத்தான் நிண்டதோ எண்டு கேளுங்கோ."

கேட்டேன். "ஓம் ஐயா," என்றான் அபூதாஹிர். "மத்த ஆக்களுக்குச் சின்னப் பேர்தானே அடிக்கிற."

"அப்ப ஒருக்காப் பூட்டன்ர பேரை விட்டிட்டுச் சொல்லுங்கோ பெரியப்பா, பாப்பம்."

கடை நடுவில், நாலுபேர் பார்க்க, பூட்டனை விடுவதா? சித்தி பரீதா ஆணியை மறந்து என் வாயையே பார்த்தாள். முத்தலிப் பேனை மூடியைக் கழற்றினார். அவர் எழுதத் தொடங்கினால், பூரணியின் வேலையை இந்த ஊரில் இனி ஒரு கடையும் வாங்காது.

மூன்று பெயர் சொன்னேன். சீட்டு அச்சாகி வந்தது.

முத்தலிப் புத்தகத்தை மூடினார். "கெட்டிக்காரி! வீட்டில இருந்தே கண்டுபிடிச்சிட்டாளே. பின்னேரம் வந்து கட்டத்தை நீட்டச் சொல்லுங்க."

நீட்டினாள். அதன்பின் புரோகிராம் நிற்கவில்லை.

சோமசேகரத்தார் சீமெந்துக்காகப் பூட்டன் பெயரை விட்டுக்கொடுத்தார் என்று கடைத்தெருவில் ஒரு கதை உலாவுகிறது. அது பொய். மூன்று பெயர்ச் சீட்டை அங்கேயே கிழித்தேன். சீமெந்து மறுநாள்தான் போனது, நான்கு பெயருடன்.