ஐயாயிரம் ரூபாய்ப் பொய்

"இன்டர் வரைக்கும்தான் படிச்சேன்னு சொல்லு மக்கா. ஒரே ஒரு பொய். ஐயாயிரம் ரூவா மிச்சம்!"

பகவதியம்மாள், மகள் பொன்னம்மையின் தலையில் பூவைச் சொருகிக்கொண்டே கெஞ்சினாள். பொன்னம்மைக்குக் கோபத்தில் காது சிவந்தது.

"கண்ணு முழிச்சுப் படிச்சு வாங்கின பி.எஸ்.ஸி. பட்டம்மா. களவாண்ட சாமானா, ஒளிச்சு வைக்கதுக்கு?"

கணக்கு, தரகர் திரவியம் போட்டது. இன்டர்மீடியட்டோடு நிறுத்திய பெண்ணுக்கு பி.ஏ. மாப்பிள்ளை போதும், சீதனம் மூவாயிரம். பெண்ணே பி.எஸ்.ஸி. என்றால் அவளுக்கு மேலே படித்தவன் வேண்டாமா? இன்ஜினீயர் எட்டாயிரத்துக்கு ஒரு காசு குறைய மாட்டான். ஆக, பெண் ஒரு படி ஏறினால் அப்பன் தலையில் ஒரு மூட்டை ஏறும். நல்ல ஊர், நல்ல நியாயம்!

இதில் வேடிக்கை, பொன்னம்மையின் உத்தியோகமே இந்தக் கணக்குதான். சர்வகலாசாலையில் எந்தப் பட்டம் வாங்கியவர் இப்போது என்ன சம்பளம் வாங்குகிறார் என்று ஒரு சர்க்கார் ஆபீசில் உட்கார்ந்து பட்டியல் போடுகிறாள். அவளுக்குச் சம்பளம் மாசம் தொண்ணூறு ரூபாய். வரப்போகும் பி.ஏ. மாப்பிள்ளைக்கு ஐம்பத்தைந்து.

கரமனையிலிருந்து மாப்பிள்ளையும் அவன் வீட்டாரும் பெண் பார்க்க வந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா தாணுமாலயம் பிள்ளை ஏத்தங்காய் உப்பேரி வறுவலைக் கொறித்தபடி கேட்டார்: "பிள்ளை எதுவரைக்கும் படிச்சிருக்கு?"

"இன்..." என்று பெண்ணின் அப்பா பூதலிங்கம் இழுத்தார்.

"பி.எஸ்.ஸி., பஸ்ட் கிளாஸிலே பாஸ்," என்றாள் பொன்னம்மை. "தொண்ணூறு ரூவா சம்பளம்."

திரவியத்தின் முகத்தில் ஈயாடவில்லை. பகவதியம்மாள் "முருகா!" என்று சுவரில் சாய்ந்தாள். போச்சு, எல்லாம் போச்சு!

தாணுமாலயம் பிள்ளையோ உப்பேரியை மறந்து விரல் மடக்கினார். முகம் மலர்ந்தது.

"கொள்ளாமே! ஓய் பூதலிங்கம், எனக்குச் சீதனமே வேண்டாம். பிள்ளை வேலைக்குப் போட்டும். ஒண்ணாந்தேதி சம்பளக் கவரை அப்படியே எங்க வீட்டுக்காரி கையிலே குடுத்திரணும். அவ்வளவுதான்!"

"தங்கமான மனுசன்!" பகவதியம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பொன்னம்மை காப்பித் தட்டைக் கீழே வைத்தாள்.

"அப்பா, ஒரு சந்தேகம். படிச்சவன் சம்பாதிச்சுப் போடுவான்னுதானே அவனுக்குச் சீதனம் குடுக்கோம்? இங்கே அவரைவிடக் கூடச் சம்பாதிச்சுப் போடப்போறது நான். அப்பம் எனக்கு என்ன தருவாகன்னு கேளுங்கோ."

"பொம்பளைக்கு இம்புட்டு வாய் ஆகாது!" என்று உறுமினார் தாணுமாலயம் பிள்ளை.

பூதலிங்கம் ஆபீசிலும் வீட்டிலும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாதவர். மகளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பிள்ளை கேட்டதிலே என்ன தப்பு? சொல்லும் ஓய், எவ்வளவு தருவேரு?"

பி.ஏ. மாப்பிள்ளை அதற்குள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.