ஆலங்காயத்துப் பெனால்டி

ஒடுகத்தூர் கடலைக் களத்தில் பாஞ்சாலை தன் நாடகத்துக்கு ஒத்திகை பார்த்த நாளெல்லாம் ஆலங்காயத்தில் சகுந்தலாவின் வலது கால் தானாக உதைத்தது. இரண்டு ஊருக்கும் நடுவே மலை இருக்கிறது, பஸ் மாறித்தான் போக வேண்டும். காலுக்கு அந்தத் தொல்லை இல்லை. முதல் தடவை ரேஷன் கடை வரிசையில் உதைத்ததில் பாமாயில் பெட்டி சரிந்து பாக்கெட்டுகள் உடைந்தன. அதே நேரத்தில் அமிர்தியில், வனத்துறை நாற்றங்காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த செவ்வந்தி குடத்தைப் போட்டுவிட்டு வேலியோரமாகவே ஓடினாள். அவள் அந்தக் காலத்தில் ஓரத்தில் ஓடி ஆடியவள். ரஞ்சிதம் வேலூர் பஸ்ஸில் நின்றபடியே துள்ளி, முன்னால் நின்றவரின் பிடரியில் தலையால் முட்டினாள். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொண்டார். காற்றுக் கருப்பு என்றார்கள் சிலர், சத்துக் குறைவு என்றார்கள் சிலர். பூசாரி கயிறு மந்திரித்துக் கட்டினார், வாணியம்பாடி டாக்டர் நரம்புக்கு ஊசி போட்டார். பிறகு எல்லோருக்கும் பழகிவிட்டது.

இவர்கள் எல்லாம் ஒரே ஃபுட்பால் டீம். ஒடுகத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்து ஊரில், பொங்கல் விளையாட்டு விழாவில் மியூசிக்கல் சேர் முடிந்த கையோடு பெண்கள் ஃபுட்பால் நடத்துவார்கள். ஆண்கள் ஜெயித்தால் கோப்பை, பெண்கள் ஜெயித்தால் ஆளுக்கொரு எவர்சில்வர் குடம். ஜெயித்தாலும் நீங்கள் தண்ணீர் எடுக்கத்தான் என்று ஊர் அப்போதே வாயைத் திறந்து சொல்லிவிட்டது, இந்தப் பெண்களுக்குத்தான் காதில் ஏறவில்லை. ஒரு வருஷம் மாவட்ட இறுதி ஆட்டம் வரைக்கும் போனார்கள், அது அவர்கள் ஊர் மைதானத்திலேயே நடந்தது. இரண்டு பக்கமும் சமமாக நின்று, ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் இவர்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. சகுந்தலா பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள், நடுவர் விசிலை வாயில் வைத்தார். அந்த நேரம் பார்த்து அவளுடைய அப்பா வடிவேலு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கி வந்தார். "மாப்ள வூட்டுக்காரங்க வந்து குந்தினுகீறாங்க, வா" என்று கையைப் பிடித்தார். நடுவர் வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டு அவருக்கு வணக்கம் வைத்தார். பந்து அங்கேயே கிடந்தது. சகுந்தலா ஜெர்சிக்கு மேலேயே புடவையைச் சுற்றிக்கொண்டு, ஆணி வைத்த ஷூவோடு காப்பித் தட்டை நீட்டினாள். பெண் கொஞ்சம் உயரமோ என்று மாப்பிள்ளையின் அம்மா பெரியம்மாள் யோசித்தாள். ஷூவைக் கழற்றச் சொன்னதும் உயரம் சரியாகிவிட்டது, கல்யாணமும் முடிவாகிவிட்டது.

அதற்குப் பிறகு டீம் கல்யாணம் கல்யாணமாகக் கரைந்தது. போனவளின் இடத்தில் வேறு ஆளைப் போட யாருக்கும் மனம் வரவில்லை, இடத்தை அப்படியே காலியாக விட்டு ஆடினார்கள். கடைசியில் கோல் கீப்பர் பாஞ்சாலை மட்டும் மிஞ்சினாள். ஒரு பொங்கலுக்கு அவள் ஒருத்தியாகவே மைதானத்தில் இறங்கியபோது எதிர் டீம் பாவப்பட்டுப் பந்தை அடிக்காமல் திரும்பிப் போய்விட்டது. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒடுகத்தூரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடித்துப் போட்டுக்கொண்டே, வருஷங்கள் கழித்து, இதையெல்லாம் ஒரு சிரிப்பு நாடகமாகக் கட்டினாள். ஒரு துண்டு, ஒரு விசில், அவள் ஒருத்தி. டீமும் அவள்தான், நடுவரும் வடிவேலுவும் காப்பி குடிக்கிற மாமியாரும் அவள்தான். சென்னை நாடக விழாவுக்கு அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் தனி நடிப்பு வடிவத்தை எடுத்துக்கொண்டீர்கள் என்று விழாக்காரர்கள் கேட்டதற்கு, "வேற ஆளு இல்லீங்க" என்றாள். அதற்கும் சிரித்தார்கள்.

நாடகத்தின் உயிர் அந்தப் பெனால்டியில் இருந்தது. அங்கே மட்டும் பாஞ்சாலை நடந்ததை மாற்றி வைத்திருந்தாள். நாடகத்தில் நடுவர் விசில் ஊதிவிடுவார், சகுந்தலா அப்பாவின் கையை உதறிவிட்டு ஓடி வந்து அடித்துவிடுவாள். ஒத்திகையில் அந்தக் கட்டம் வந்தால் ஆலங்காயத்தில் வீடே அதிரும். ஒரு மத்தியானம் கட்டிலில் கண்ணயர்ந்திருந்த புருஷன் ரஞ்சித்குமார் வாசல்படிக்குப் போய் விழுந்தார். எழுந்ததும் மாட்டுக் கயிற்றை எடுத்துவந்து அவளுடைய வலது காலைக் கட்டில் காலோடு கட்டினார். அன்றிலிருந்து கால் உதைக்க ஆரம்பித்தாலே கட்டு விழுந்தது. கட்டிய காலும் உதைத்தது, கணுக்கால் வீங்கிப்போனது.

தன் ஒத்திகையால்தான் சகுந்தலாவின் காலுக்குக் கட்டு விழுகிறது என்று செவ்வந்தி சொல்லித் தெரிந்தபோது பாஞ்சாலைக்குச் சோறு இறங்கவில்லை. போன் போட்டாள். வீட்டுக்கு ஒரு போன் போதும் என்பது ரஞ்சித்குமாரின் கொள்கை, ஆகவே அவர்தான் எடுத்தார், அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மரியாதையாகவே பேசினார்.

"நாடகமே வேணாம்னு சொல்ல நான் யாருக்கா. அந்தப் பெனால்டிய மட்டும் வுட்டுடுங்க. கால் ஒடிஞ்சி படுத்துட்டா வூட்ல சோறாக்க யாருகீறாங்க?"

பாஞ்சாலை "சரிங்க" என்றாள். போனை அவளிடம் கொடுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. கட்டிக்கொடுத்த பெண்ணின் காரியத்தைப் புருஷனிடம் பேசி முடிப்பது இந்தப் பக்கத்து வழக்கம். அந்த வழக்கத்தை மேடையில் கிழித்துத் தோரணம் கட்டுகிறவளும் அன்றைக்கு அப்படித்தான் பேசி முடித்தாள்.

நாடகத்தன்று சாயங்காலம் ரஞ்சித்குமாரும் பெரியம்மாளும் வாணியம்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். சபையில் கால் மானத்தை வாங்கிவிடும் என்று சகுந்தலாவைக் கட்டிப்போட்டுவிட்டுப் போனார்கள். அவள் கட்டிலோடு சமையலறைக்கு நகர்ந்து, அரிவாள்மணையில் கயிற்றை அறுத்தாள். கடைத்தெருவில் வாங்கி விறகுக்குள் ஒளித்து வைத்திருந்த பந்தை எடுத்து வாசலில் வைத்தாள். சீர்வரிசையோடு வந்த தன் எவர்சில்வர் குடத்தை ஒரு பக்கமும் மாமியாரின் பித்தளைக் குடத்தை இன்னொரு பக்கமும் நிறுத்தினாள். முதல் பாதியில் கால் சின்னச் சின்னதாகத் தட்டியது, சென்னையில் நாடகம் ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்தது. அவள் சிரித்ததைப் பக்கத்து வீட்டுப் பாக்கியம் பார்த்திருக்கிறாள். அப்புறம் பெனால்டிக்கான நேரம் வந்தது. சகுந்தலா பந்திலிருந்து பின்னால் நகர்ந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள்.

சென்னையில் பாஞ்சாலை அந்தக் கட்டத்தைத் தாண்டிக் காப்பித் தட்டுக்குப் போய்விட்டாள். அரங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஒன்று குறைகிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சால்வை போட்டார்கள், கேடயம் கொடுத்தார்கள். ஆலங்காயத்து வாசலில் சகுந்தலா இருட்டும்வரை நின்றாள். அவளே அடித்திருக்கலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. விசில் ஊதாமல் அடித்த பெனால்டி செல்லாது, ஃபுட்பால் ஆடினவளுக்கு அது தெரியும்.

மறுவாரம் பாஞ்சாலை கேடயத்தை எடுத்துக்கொண்டு ஆலங்காயம் போனாள். சகுந்தலாவின் கால் வீக்கம் வடிந்திருந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதுதான் பாஞ்சாலை செய்த இரண்டாவது தப்பு.

"அன்னிக்கி எங்கப்பா வந்து இட்டுனு போனாரு" என்றாள் சகுந்தலா. "இந்தத் தபா நீ இட்டுனு போய்ட்ட."

"கால் ஒடிஞ்சிடும்னு சொன்னாருடி."

"ஒடிஞ்சா என் காலு. என்னக் கேட்டியா?"

பாஞ்சாலை பையிலிருந்து விசிலை எடுத்து, அழுதுகொண்டே, அந்த வாசலில் நின்று ஊதினாள். தெரு திரும்பிப் பார்த்தது. சகுந்தலாவின் கால் அசையவில்லை. உள்ளேயிருந்து பெரியம்மாள், "இன்னாடி சத்தம்?" என்றாள். "ஒண்ணுமில்ல அத்த" என்று சொல்லிவிட்டு சகுந்தலா உலை வைக்கப் போனாள்.

இப்போது பாஞ்சாலை எந்த ஊருக்குப் போனாலும் பெனால்டியோடுதான் நடிக்கிறாள். நாடகம் இருக்கிற நாளில் செவ்வந்தி குடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துவிடுகிறாள், ரஞ்சிதம் உட்கார இடம் இருந்தால்தான் பஸ் ஏறுகிறாள். ஆலங்காயத்துக் கால் மட்டும் அசைவதில்லை, ஊசி கேட்டுவிட்டது என்று வாணியம்பாடி டாக்டருக்கு நல்ல பெயர். அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டு ரஞ்சித்குமார் ஆட்டுக்குக் கட்டியிருக்கிறார். ரேஷன் கடையில் பாமாயில் பெட்டியை மறுபடியும் பழைய இடத்திலேயே வைக்கிறார்கள். சகுந்தலா எல்லோரையும் போல வரிசையில் நிற்கிறாள்.