சைக்கிளில் ஏறிய ஒளிவட்டம்

புலம்பெயர்ந்து வந்த அருந்தவனுக்கு டண்டினொங் நகரில் ஒரு களஞ்சியசாலையில் வேலை. கார் ஓட்டும் பரீட்சையில் தோற்றுத் தோற்றுப் பரீட்சகர்களோடு குடும்ப நண்பனாகிவிட்டதால், சைக்கிளில்தான் போய்வந்தான். கார்கள் முழங்கையை உரசாத குறையாகப் போகும். ஒருநாள் ஒரு வான் வண்டியின் பக்கக் கண்ணாடி தோளில் தட்டி, புல்லுக்குள் விழுந்து எழும்பி வந்தான். மனைவி மயூரா சேற்றுக் காற்சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொருக்கா விழுந்து வந்தீங்களெண்டா, சைக்கிளை வித்துப்போட்டுத்தான் எனக்கு மற்ற வேலை."

சைக்கிள் போனால் வேலையும் போகும். அந்த விடியற்காலையில் பஸ்ஸும் இல்லை.

கராஜுக்குள் மின்குமிழ்கள் பூட்டிய பழைய ஒளிவட்டம் ஒன்று கிடந்தது. சாமியறைப் பிள்ளையாருக்குப் புதிது வந்ததும் பதவி இழந்தது. சிவப்பும் நீலமுமாகச் சுழன்று மின்னும். அருந்தவன் அதற்குப் பற்றரி பூட்டிச் சைக்கிளின் பின்னால் கட்டினான்.

மறுநாள் விடியுமுன் ஒரு காரும் அவனை முந்தவில்லை. குளிருக்கு முகத்தை மூடிக்கட்டி, தேர் அசைகிற வேகத்தில் மிதித்தான். பின்னால் கார்கள் பயபக்தியோடு வரிசையாக ஊர்ந்தன. வரிசையின் கடைசியில் அதே நிறங்களோடு அசல் பொலிஸ் வந்தது.

பொலிஸ்காரி ஒளிவட்டத்தைச் சுற்றிவந்து பார்த்தாள். இது கடவுளின் தலைக்குப் பின்னால் வைப்பது என்று அவன் விளக்கினான். கடவுள் எங்கே என்று கேட்டாள். வீட்டில் நிற்கிறார் என்றான். அவள் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, நீலம் பொலிஸுக்கு மட்டும்தான், பின்னால் சிவப்பு எரியலாம், இம்முறை எச்சரிக்கையோடு விடுகிறேன் என்றாள். அவள் டோர்ச் பிடிக்க, அவன் நீலக் குமிழ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். இனிப் பழையபடி உரசுவார்கள் என்ற கவலை நாள் முழுக்க அவனை அரித்தது.

பின்னேரம் மயூரா கோயில் வட்ஸ்அப் குழுவில் வந்த குரற்செய்தியைப் போட்டுக் காட்டினாள். பேசியது மகேந்திரராஜா அங்கிள்.

"பிள்ளையள், கவனம். டண்டினொங்கில பொலிஸ் இப்ப சைக்கிள்ள திரியுது. எங்கட சாமிப்பட லைற் மாதிரி ஒண்டு பூட்டியிருக்கு. பின்னால போய் நானே கண்டனான். சைக்கிளைக் கண்டா நல்லா விலத்திப் போங்கோ."

செய்தி அதற்குள் வேறு குழுக்களுக்கும் பரவியிருந்தது. மயூரா கராஜ் பக்கம் ஒருதரம் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அருந்தவன் நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னான்.

"நீலத்தை எல்லாம் கழட்டியாச்சோ?"

"ஓம். அவ பார்த்துக்கொண்டு நிக்கத்தான் கழட்டினனான்."

"அப்ப சைக்கிள் கிடக்கட்டும். ஹெல்மெற் வாரை இறுக்கிக் கட்டுங்கோ. பொலிஸெண்டு சனம் நம்பியிருக்கு, மானத்தை வாங்கிப்போடாதேங்கோ."

மறுநாள் சிவப்பு மட்டும் மின்னியது. அப்படியும் பாதிக் கார்கள் ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கக்கூடிய இடம் விட்டு விலகிப் போயின. அவற்றுள் ஒன்று வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியை இறக்கியது. உள்ளே மகேந்திரராஜா அங்கிள்.

"குட் மோர்னிங், ஒஃபிஸர்."

அருந்தவன் தமிழில் பதில் சொல்ல வாயெடுத்து, முகத்தில் கட்டிய துணியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டு, தலையை மட்டும் ஆட்டினான்.