வனக்காவலர் மாசிலாமணியின் இரண்டாம் பாகம்

காலை எட்டே காலுக்கு ஆறாவது இட்லியைத் தின்று முடித்தார் வனக்காவலர் மாசிலாமணி. புளியங்குடி வள்ளிமயில் தியேட்டரின் திரையில், இடது ஓரப் பாறையைப் பிடித்தபடி அவர் தொங்கத் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. 'ஏழாம் கணவாய்' முதல் பாகம் அவர் தொங்குவதோடு முடிந்திருந்தது. மற்ற ஊர்களில் படத்தைத் தூக்கிய பிறகும் இங்கே இரண்டு வாரம் கூடுதலாக ஓடியதால், அவர் இங்கேயே தங்கிவிட்டார்.

ஏணியில் நின்று ஊட்டியவள் ரெஜினா. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள்; படத்தின் ரசிகர் மன்றச் செயலாளர். ஏணியைப் பிடித்திருந்தவன் ஆட்டோ ஓட்டும் குற்றாலிங்கம். முன்வரிசையில் இருந்த அபுதாகிர், மன்றத்தில் மூல நாவலைப் படித்த ஒரே ஆள்.

பதினோரு மணிக்குத் தியேட்டரில் வழக்கம்போல வேறு படம் ஓடும். மாசிலாமணி ஓரத்தில் தொங்குவதைப் பார்வையாளர்கள் யாரும் குறை சொன்னதில்லை. காதல் காட்சிகளில் அவராகவே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"யக்கா, டிரெய்லர் வந்துட்டு! பொங்கலுக்கு ரெண்டாம் பாகம்" என்றான் குற்றாலிங்கம், போனைப் பார்த்தபடி.

"என்னயத் தூக்கி விடுதாவளா?" என்றார் மாசிலாமணி.

ரெஜினா இறங்கி வந்து போனை வாங்கிப் பார்த்தாள். டிரெய்லரின் முதல் டைட்டில் கார்டில் 'இருபது ஆண்டுகளுக்குப் பிறகு' என்று போட்டிருந்தார்கள்.

"ஆறு வருசம் கழிஞ்சிட்டுல்லா. இன்னும் பதினாலுதான், அண்ணாச்சி" என்றான் குற்றாலிங்கம்.

"ஏல கூறுகெட்டவனே, ஆறு வருசம் தியேட்டர்லதான் போயிருக்கு" என்றார் அபுதாகிர். "படத்துல இன்னும் அதே சாயங்காலம். முழுசா இருவதும் பாக்கி. நாவல்ல இந்தப் பாடே கிடையாது. அன்னைக்குக் காய்ச்சல்னு இவரு லீவு போட்டுருவாரு."

"நல்ல நாவல்" என்றார் மாசிலாமணி. பிறகு ரெஜினாவைப் பார்த்தார். "தொங்குததப் பத்தி ஒண்ணுமில்ல தாயி. எம்மவ பூங்கனி ரெண்டாங் கிளாஸ் படிக்கா. சாயங்காலம் வந்துருதேன்னு சொல்லிட்டு வந்தேன். அந்தக் கார்டு விழுந்துட்டுன்னா அவளுக்கு இருவத்தேழு."

ரெஜினா இயக்குநருக்குக் கடிதம் போட்டாள். கார்டுக்குப் பின்னணி இசை சேர்த்தாகிவிட்டது, இனி மாற்ற இயலாது என்று பணிவாகப் பதில் வந்தது. கார்டு திரையில் ஒன்பது விநாடி நிற்கும் என்பதையும் குறிப்பிட்டிருந்தார்கள்.

அந்த வாரம் கடையைப் பெருக்கும்போது, மூலையில் குவிந்திருந்த வீணான ஜெராக்ஸ் தாள்களை ரெஜினா சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நேரே தியேட்டர் மேனேஜரிடம் போனாள்.

"யாரும் படிக்காத கார்டு செல்லுமா சார்?"

மேனேஜர் யோசித்தார். "செல்லாதும்மா. ஒருத்தர் படிச்சாலும் செல்லும்."

மன்றத்தார் ஒரு மாதம் உட்கார்ந்து தாள் கிழித்தார்கள். பதினான்கு மூட்டை சேர்ந்தது. அபுதாகிரை நினைத்துத்தான் ரெஜினாவுக்குக் கவலை. கடலை மடித்த காகிதத்தைக்கூட முன்னும் பின்னும் படிக்காமல் போட மாட்டார்.

"பாய், நீங்க அன்னைக்கு வீட்லயே இருங்களேன்."

"முத நாள் முதக் காட்சிக்கு நான் வரக் கூடாதா? நல்லாருக்கு உன் நியாயம்! கண்ணக் கட்டிக்கிட்டாவது வருவேன்."

அப்படியே, துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தார்.

ஜனவரி 10, வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் படம் தொடங்கியது. திரை கறுத்ததும் ரெஜினா விசிலடித்தாள். பதினான்கு மூட்டையும் ஒரே நேரத்தில் காற்றில் ஏறின. மூன்றாம் வரிசையில் ஒருவர் "இரு..." என்று வாயெடுத்தார். ரெஜினா ஒரு கை காகிதத்தை அவர் முகத்தில் போட்டாள். ஐந்து, ஆறு என்று எண்ணிக்கொண்டே அள்ளி வீசினாள். எட்டில் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. ஒன்பதை இடது கையால் வீசினாள்.

காகிதம் அடங்கியபோது திரையில் அதே மாலை வெயில் அடித்தது. மேலிருந்து கயிறு வந்தது. மாசிலாமணி ஏறினார். அடுத்த காட்சியில், சீருடையைக்கூட மாற்றாமல் வாசலில் உட்கார்ந்திருந்தாள் பூங்கனி.

"சாயங்காலம்னீங்க?"

"இது சாயங்காலந்தானட்டீ."

கயிறு விட்ட கதாநாயகனுக்கு மட்டும் தலை நரைத்திருந்தது. ஒரே மாலையில் நரைத்ததாக எடுத்துக்கொண்டு எல்லோரும் படத்தைத் தொடர்ந்து பார்த்தார்கள்.

பாலத்திலிருந்து பாதி வெளியே தொங்கும் கல்யாண பஸ்ஸோடு இரண்டாம் பாகம் முடிந்தது. அதில் மாப்பிள்ளையையும் சேர்த்து நாற்பத்திரண்டு பேர்.

ஜனவரி 11, சனிக்கிழமை காலை எட்டே காலுக்கு ரெஜினா ஏணியை வலது பக்கம் மாற்றிப் போட்டாள். நாற்பத்திரண்டு இட்லிப் பொட்டலம் போயிற்று. பஸ்ஸின் பின்பக்கத்தை மாசிலாமணி பிடித்துக்கொண்டு நின்றார். மாலை ஐந்தரைக்குப் பூங்கனி வந்து அவரை வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அதன்பின் பஸ்ஸைக் குற்றாலிங்கம் பிடித்துக்கொண்டான்.