பேக்கரிக் கிணறு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தத் தீவில் இருந்த நாட்களில் அது முழுவதும் ஒரு கிணற்றின் மேல்தான் வந்தது.

புயலன்று கடல் ஊருக்குள் புகுந்து நாற்பது கிணறுகளையும் உப்பாக்கிவிட்டுப் போயிருந்தது. கல்லூரியிலிருந்து பன்னிரண்டு பேர் உதவிக்கு வந்திருந்தோம். டீசல் பம்பை வைத்து உப்புத் தண்ணீரை இறைத்துக் கொட்டுவது மற்றவர்கள் வேலை. தண்ணீருக்குள் மீட்டரை விட்டு, உப்பு எவ்வளவு என்று நோட்டில் எழுதுவது என் வேலை. எண் ஆயிரத்துக்குக் கீழே வந்தால் குடிக்கலாம். ஊரில் எனக்கு ‘மீட்டரு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

முதலில் இறைத்தது பேக்கரி அக்காவின் கிணற்றை. தீவில் ரொட்டி சுடுகிற ஒரே ஆள் அவர். அக்கரையில் இருக்கும் அவருடைய தம்பி, தன் கடையில் வேலை தருவதாகவும் வெள்ளிக்கிழமைக் கப்பலில் வரும்படியும் சொல்லியனுப்பியிருந்தார். அடுப்போடு சேர்த்துக் கட்டடத்தை வாங்கிக்கொள்ள ஆளும் தயார். கிணறு தேறினால் அக்கா இருப்பார். தேறாவிட்டால் விற்றுவிட்டுப் போவார்.

“என்ன மீட்டரு, இன்னிக்கு என்ன சொல்லுது?”

முதல் நாள் நாலாயிரம் காட்டியது. இறைத்தோம். இரண்டு நாள் கழித்து ஐயாயிரம். விடுவோமா? இன்னும் ஆழமாகக் குழாயை இறக்கி விடிய ஆரம்பித்துப் பொழுது சாயும்வரை இறைத்தோம். ஏழாயிரம்!

“பரவால்ல, மாவுக்குத் தனியா உப்பு போட வேண்டாம்” என்று அக்கா சிரித்தார். பிறகு உள்ளே போய், பற்றவைக்காத அடுப்பைத் துடைத்துக்கொண்டு நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது, அதைவிடக் கோபமாகவும் இருந்தது.

பக்கத்து வீடு சைக்கிள் கடை அண்ணனுடையது. பம்பு சத்தத்தில் மதியத் தூக்கம் கெடும் என்று எங்களை வாசலோடு விரட்டிவிட்டவர். போகிற போக்கில் அவர் கிணற்றிலும் மீட்டரை விட்டுப் பார்த்தேன். இரண்டாயிரத்து நூறு. மீட்டரை உதறிவிட்டு மறுபடி விட்டேன். அதே எண். முதல் நாள் அங்கேயும் நாலாயிரம்தான், நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

“அண்ணே, கிணத்துல என்ன போட்டீங்க?”

“நான் ஏன் போடறேன்? டியூப்ல பஞ்சர் பாக்க தினம் ஒரு வாளி, மேலாப்புல மொள்ளுவேன். அவ்ளோதான்.”

“நிஜமா சொல்லுங்க.”

“உன்கிட்ட பொய் சொன்னா எனக்கு பட்டமா குடுக்கப் போறாங்க? போம்மா!”

எனக்கு மண்டை காய்ந்தது. ஒன்றுமே செய்யாதவர் கிணறு தேறுகிறது, உயிரைக் கொடுத்து இறைத்த கிணறு கெடுகிறது. ஏன்? நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தின் சமையலறைக்குப் போய் ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்தேன். பாதிவரை உப்புத் தண்ணீர், அதில் கொஞ்சம் நீல மை. மேலே கரண்டியின் முதுகு வழியாக நல்ல தண்ணீரை மெல்ல மெல்ல விட்டேன். கலக்கவில்லை! கீழே நீலம், மேலே தெளிவு. உறிஞ்சு குழலை மேலாக வைத்து லேசாக உறிஞ்சினேன். நல்ல தண்ணீர். குழலைக் கொஞ்சம் இறக்கிப் பலமாக உறிஞ்சினேன். நீலம் கூம்பாக எழும்பி நேராக என் வாய்க்குள் வந்தது. உப்பு.

மண்ணில் ஊறி இறங்கும் மழைத் தண்ணீர் லேசு, அதனால் மேலே நிற்கிறது. அடியில் இருப்பது கடல். அந்தக் கடலைத்தான் நாங்கள் பம்பு வைத்து மேலே இழுத்திருக்கிறோம்.

நேரே பேக்கரிக்கு ஓடினேன். “அக்கா, உங்க கிணத்த புயல் பாதிதான் கெடுத்துச்சு. மீதிய நாங்க கெடுத்துட்டோம்.” எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அக்கா என் நீல உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “எப்ப சரியாகும்?”

“யாரும் தொடாம விட்டா ரெண்டு மழைக்காலம் ஆகலாம்.”

“மத்த கிணறு?”

“பதினேழு முடிஞ்சுது. இப்பவும் ஒண்ணுல பம்பு ஓடுது.”

“அடிப்பாவி! அப்ப இங்க என்னத்துக்கு நின்னு மூக்கு சிந்தற? ஓடு!”

ஓடினேன். எங்கள் குழுத்தலைவனான சீனியர், நாற்பது கிணற்றையும் முடித்துக் காட்ட வேண்டும் என்று பட்டியலை நீட்டினான். நான் கையை நீட்டிப் பம்பை நிறுத்தினேன். கத்தினான், நானும் கத்தினேன். கடைசியில் அவனைச் சமையலறைக்கு இழுத்துப்போய், மறுபடி டம்ளரில் நீலத்தையும் தெளிவையும் ஊற்றி, அவன் கையில் திணித்து உறிஞ்சச் சொன்னேன். துப்பிவிட்டு, பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தான். அதன் பிறகு பம்பு ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை அக்கா பெட்டியோடு துறைக்கு வந்தார். நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

“கட்டடத்த வித்துட்டீங்களா அக்கா?”

“விக்கல. பூட்டியிருக்கேன். புயல் கெடுத்ததுன்னு மட்டும் நினைச்சிருந்தா, இது எங்க தேறப் போகுதுன்னு கைகழுவிட்டுப் போயிருப்பேன். நீதான் ரெண்டு மழைன்னு கணக்கு சொல்லிட்டியே.” என் காதைப் பிடித்துத் திருகினார். நிஜமாகவே வலித்தது. “ரெண்டு வருஷம் தம்பி பொண்டாட்டி கையில சாப்பிடணும். எல்லாம் உன்னாலதான்.”

கப்பல் நகர்ந்தது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு, தீவு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்: “ஏய் மீட்டரு! எவனாவது என் கிணத்துல கை வச்சான், உன்னைத் தொலைச்சுடுவேன்!”

துறையில் நின்ற அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, சந்தோஷமாகவும் இருந்தது.

“விட மாட்டேன் அக்கா!” என்று நானும் கத்தினேன்.